ஆல்டிங்டன் வெறும் ஏஜென்ட்தானா?



போன வாரம் நான் போட்ட ஃப்ரேஸர் நாஷ் கார் படத்துக்கு இத்தனை பேர் வந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. "சார், இதைத்தானே போர்டுல சைக்கிள் செயின் மாதிரி வரைஞ்சு காட்டுவீங்க" என்று 1988 செட் பையன் ஒருவன் நினைவுபடுத்தியிருந்தான். (பையன் என்று எனக்குத்தான் வாயில் வருகிறது. அவன் பெண்ணுக்கே கல்யாணமாகிவிட்டது.) அதே செட்டைச் சேர்ந்த இன்னொருவன், இப்போது ஒரு கார் தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருப்பவன், இப்படி எழுதியிருந்தான்: "சார், நாஷ் சரி, அவர் கண்டுபிடிச்சவர். ஆல்டிங்டனை ஏன் சார் பாராட்டுறீங்க? ஜெர்மன்காரன்கிட்ட தோத்துட்டு அவன் வண்டிக்கே ஏஜென்ட் ஆனவர்தானே?" அதற்கு முப்பது நாற்பது லைக் வேறு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய ஆங்கில மோட்டார் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கிவந்து படித்த காலத்தில் நான் செயின் கட்சி. வகுப்பிலும் அப்படித்தான் பேசியிருப்பேன். இவன் மனதில் அந்த நினைப்பை விதைத்ததே நான்தானோ என்னவோ. அதனால்தான் கமென்டில் இரண்டு வரி எழுதாமல் தனிப் பதிவாகவே எழுதுகிறேன். நீளம்தான். பென்ஷன்காரனிடம் நேரத்துக்கு என்ன குறை. உங்களுக்கு முடிந்தபோது படியுங்கள்.

கதை 1910-ல் தொடங்குகிறது. லண்டன் ஃபின்ஸ்பரி டெக்னிக்கல் காலேஜில் பழகிய இரண்டு இளைஞர்கள், ஹெச்.ஆர். காட்ஃப்ரே, ஆர்ச்சிபால்ட் ஃப்ரேஸர்-நாஷ். அப்போது இங்கிலாந்தில் கார் என்பது பணக்காரர் சமாச்சாரம். மோட்டார் சைக்கிள் வாங்க வசதி உண்டு, கார் வாங்க வசதி இல்லை என்ற நடுத்தரத்து இளைஞர்களுக்காக 'சைக்கிள்கார்' என்று ஒரு இடைப்பட்ட ஜாதி வண்டி பிறந்துகொண்டிருந்தது. ஹெண்டனில் நாஷ் வீட்டுக் குதிரை லாயத்தில் இருவரும் அப்படி ஒன்றைக் கட்டினார்கள். மரச் சட்டம். மோட்டார் சைக்கிளில் வருவது போன்ற இரண்டு சிலிண்டர் வி-ட்வின் இன்ஜின், காற்றே குளிர்விக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உருளையில் சுற்றிய கம்பி சக்கரத்தை இழுக்கும். இரண்டு பேர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து 'ஜி.என்.' என்று பெயர் வைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். அந்த வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. எடை குறைவு என்பதால் சின்ன இன்ஜினே அதைப் பறக்கவைத்தது. முதலில் பெல்ட்டில் ஓட்டிப் பார்த்து, பிறகு செயினுக்கு வந்தார்கள். அந்தச் செயின் ஏற்பாடுதான் அடுத்த கால் நூற்றாண்டுக் கதை முழுவதும் ஓடப்போகிறது. நாஷ் தன் பந்தய வண்டிகளுக்கு 'கிம்', 'மௌக்ளி' என்று பெயர் வைத்திருந்தார். இரண்டும் கிப்ளிங்கின் இந்தியக் கதைப் பையன்கள். இதைப் படித்த அன்றே எனக்கு மனுஷனைப் பிடித்துப்போயிற்று.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஜி.என். லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் பெரிய அளவில் தயாரானது. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் வாங்கினார்கள். பிரான்சில் விமான இன்ஜின் செய்துவந்த சால்ம்சன் கம்பெனி, போர் முடிந்து வேலை இல்லாமல் போகவே, 1919-ல் ஜி.என். வண்டியை லைசென்ஸ் வாங்கித் தானே தயாரித்தது. சால்ம்சன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு 1922-ல் ஆஸ்டின் செவன் வந்தது. நம் ஊரில் சின்ன கார் ஒன்று வந்து எத்தனையோ குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கியதைப் பார்த்த தலைமுறை நீங்கள், உங்களுக்குப் புரியும். நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் பிரேக், குடும்பமே உட்காரலாம். 225 பவுண்டில் தொடங்கி, விரைவிலேயே 165-க்கு இறங்கியது. நிஜமான காரே அந்த விலைக்குக் கிடைக்கும்போது மரச் சட்டத்தில் கம்பி சுற்றிய வண்டியை யார் வாங்குவார்? சைக்கிள்கார் என்ற ஜாதியே சில வருஷங்களில் அற்றுப்போனது. ஜி.என். கம்பெனி கடனில் விழுந்து கை மாறியது. புதிய முதலாளிகளுக்கு எல்லோரையும் போல ஷாஃப்ட் வைத்த வண்டி வேண்டும். 1922-ல் காட்ஃப்ரேயும் நாஷும் வெளியே வந்தார்கள்.

நாஷ் மட்டும் செயினை விடவில்லை. தன் பெயரிலேயே கம்பெனி வைத்து, கிங்ஸ்டன்-அபான்-தேம்ஸில் 1924 முதல் ஃப்ரேஸர் நாஷ் கார்களைச் செய்ய ஆரம்பித்தார்.

இங்கே கொஞ்சம் பாடம் எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சாதாரண காரில் கியர்கள் ஒரு இரும்புப் பெட்டிக்குள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஃப்ரேஸர் நாஷில் அந்தப் பெட்டியே கிடையாது. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் நடுவில் ஒரு குறுக்கு ஷாஃப்ட்டைச் சுழற்றும். குறுக்கு ஷாஃப்ட்டில் வெவ்வேறு அளவில் பல்சக்கரங்கள். பின் ஆக்ஸிலில் அவற்றுக்கு இணையான பல்சக்கரங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு செயின். முதல் கியருக்கு ஒரு செயின், இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்று, பின்னாளில் நான்காவதற்கும் ஒன்று. வண்டி நகரும்போது எல்லாச் செயினும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒன்றுதான் இழுக்கும். எது இழுக்க வேண்டும் என்பதை டாக் கிளட்ச் தீர்மானிக்கும். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள், அதுதான் டாக் கிளட்ச். கோத்தால் பிடி, விலக்கினால் விடுதலை. கியர் மாற்ற ஒரு நொடிகூட வேண்டாம்.

இதில் என்ன வசதி? நாளைக்கு மலையேற்றப் பந்தயம் என்றால் இன்று ராத்திரி பல்சக்கரத்தைக் கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளலாம். வழியில் ஒரு செயின் அறுந்தால் மற்ற கியரில் வீடு வந்து சேரலாம். எதுவும் மூடி மறைத்ததில்லை. குனிந்து பார்த்தால் முழு இயந்திரமும் தெரியும். இதற்காகத்தான் வகுப்பில் அதை வரைந்தேன். கியர் விகிதத்தை இதைவிட வெளிப்படையாகச் சொல்லித்தரும் காரை நான் பார்த்ததில்லை.

சங்கடமும் உண்டு. செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விடவேண்டும். தூசி, சேறு, சத்தம். அதைவிடப் பெரிய விஷயம், பின் ஆக்ஸில் ஒரே முழுத் தண்டு, டிஃபரென்ஷியல் இல்லை. மார்ச் பாஸ்ட்டில் வரிசை வளையும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்கும் பையன் நின்ற இடத்திலேயே காலை மிதிப்பான், வெளியே இருப்பவன் ஓட்டமாக ஓடுவான். காரின் இரண்டு பின் சக்கரங்களுக்கும் அதே கதி. இடைவெளி மூன்றரை அடி என்று வையுங்கள். வண்டி ஒரு செங்கோணம் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் ஐந்தரை அடி அதிகம் போயாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது (ஏன் என்று 1988 செட் சொல்லட்டும்). இரண்டையும் ஒரே தண்டில் கட்டிப்போட்டால் ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் ஆகவேண்டும். அந்த வழுக்கல் குறைவாக இருக்கட்டும் என்றுதான் பின் சக்கரங்களை நெருக்கி வைத்தார்கள். பழகாதவர் ஓட்டினால் வண்டியின் வால் தனியாகப் போகும். பழகியவருக்கோ அதே வால்தான் வாகனம். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் போதும், பின்பக்கத்தை வழுக்கவிட்டே வளைவைக் கடந்துவிடுவார்கள். இந்த வண்டிக்காரர்களை 'செயின் கேங்' என்றே அழைத்தார்கள், விலங்கு பூட்டிய கைதிக் கூட்டம் என்ற கேலியோடு. அவர்களும் அந்தப் பெயரைப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள்.

நாஷ் நல்ல எந்திரக்காரர், நல்ல பந்தயக்காரர். வியாபாரம் மட்டும் வரவில்லை. கூட்டாளி மாறினார்கள், கம்பெனி பெயர் மாறியது, 1927-ல் ஏ.எஃப்.என். லிமிடெட் ஆனது. கடைசியில் அது அவர் கையை விட்டே போயிற்று. 1929-ல் முழுப் பொறுப்பையும் ஏற்றவர்தான் நம் வழக்கின் குற்றவாளி, ஹெச்.ஜே. ஆல்டிங்டன். அவருடைய சகோதரர்கள் இருவரும் கூட இருந்தார்கள். பட்டறை லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில்.

இனி ஆல்டிங்டன் என்ன செய்தார் என்று வரிசையாகப் பாருங்கள். 1929-ல் எம்.ஜி. மிட்ஜெட் 175 பவுண்டுக்கு வருகிறது. மாரிஸ் மைனர் என்ற மலிவு காரின் உறுப்புகளை வைத்துக் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார், ஆயிரக்கணக்கில் விற்கிறது. ஃப்ரேஸர் நாஷின் டி.டி. ரெப்ளிகா 400 பவுண்டுக்கு மேல். விலையில் மோத வழியே இல்லை. ஆகவே அவர் ஆளைப் பார்த்து வண்டி கட்டினார். தையற்காரர் அளவெடுப்பது போலத்தான். உனக்கு மெடோஸ் இன்ஜினா, பிளாக்பர்ன் ஆறு சிலிண்டரா, எந்தக் கியர் விகிதம், எந்த பாடி என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். மாடல்களுக்குப் பந்தயங்களின் பெயரும் ஊர்ப் பெயரும் வைத்தார்: பூலோன், நூர்பர்க், ஷெல்ஸ்லி, எக்ஸிடர். தானே ஓட்டினார், வாங்கியவர்களையும் கூட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போனார். 1924 முதல் 1939 வரை பதினைந்து வருஷத்தில் செய்யப்பட்ட செயின் கார்கள் மொத்தம் சுமார் 350 தான். மாதத்துக்கு இரண்டுகூட இல்லை. உலகப் பொருளாதாரமே சரிந்த 1930-களின் தொடக்கத்தில் அவ்வளவு சின்னப் பட்டறை மூடாமல் நின்றதே பெரிய காரியம். தன் வண்டியில் நம்பிக்கை இல்லாதவன் இப்படி ஐந்து வருஷம் அதைத் தூக்கிச் சுமப்பானா?

இப்போது 1934. ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் நாள்கணக்கில் நடக்கும் பந்தயம், ஆல்பைன் டிரையல். 1932-ல் ஃப்ரேஸர் நாஷ்கள் அங்கே நல்ல பெயர் எடுத்திருந்தன. அந்த நம்பிக்கையில் 1934-லும் போனார்கள். அவர்களுடைய 1500 சிசி பிரிவில் பி.எம்.டபிள்யூ-வின் 315 என்ற புது வண்டிகள் வந்தன. ஆறு சிலிண்டர் இன்ஜின். குழாய்களால் ஆன சேஸிஸ். முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். செயின் கார்கள் மேட்டில் குதித்து வழுக்கிய இடத்தில் அவை தரையோடு ஒட்டிப் போயின. அணிப் பரிசை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தோற்ற பிறகு மனிதர்கள் செய்யும் காரியங்களை நாற்பது வருஷம் ஸ்டாஃப் ரூமிலும் விளையாட்டு மைதானத்திலும் பார்த்திருக்கிறேன். நடுவரைத் திட்டுவார்கள். விதியைக் குறை சொல்வார்கள். "நம்ம வண்டிதான் நிஜமான வண்டி, அது சொகுசு வண்டி" என்பார்கள். 1934-ல் நான் அங்கே இருந்திருந்தால் கடைசிக் கூட்டத்தில்தான் நின்றிருப்பேன், சந்தேகமே இல்லை. ஆல்டிங்டன் தன்னைத் தோற்கடித்த வண்டியைத் தீர விசாரித்தார். அதோடு நிற்கவில்லை, மூனிச்சுக்கே போய், "இந்த வண்டியை இங்கிலாந்தில் எங்கள் பெயரையும் சேர்த்து விற்க அனுமதி கொடுங்கள்" என்று பேசி ஒப்பந்தம் வாங்கிவந்தார். அந்த வருஷக் கடைசியிலேயே ஃப்ரேஸர் நாஷ்-பி.எம்.டபிள்யூ என்ற சின்னத்தோடு வலது பக்க ஸ்டீயரிங் வைத்த கார்கள் இங்கிலாந்தில் வர ஆரம்பித்தன. போர் தொடங்கும் வரை சுமார் 700 கார்கள். பதினைந்து வருஷத்தில் செயின் கார் விற்றதைப் போல இரண்டு மடங்கு, ஐந்தே வருஷத்தில்.

இதைத்தான் நீ 'ஏஜென்ட்' என்கிறாய். வார்த்தை சரிதான் தம்பி, ஏஜென்ட்தான். அந்த வார்த்தையில் நீ வைத்த இளக்காரத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

முதல் காரணம், பி.எம்.டபிள்யூ-வின் சொந்த ஜாதகம். அவர்கள் கார் தொழிலுக்கு வந்தது 1928-ல், ஐசனாக் ஊரில் டிக்ஸி என்ற கம்பெனியை வாங்கி. டிக்ஸி அப்போது செய்துகொண்டிருந்தது எந்தக் கார் தெரியுமா? லைசென்ஸ் வாங்கிச் செய்த ஆஸ்டின் செவன்! நாஷ், காட்ஃப்ரேயின் ஜி.என். பிழைப்பில் மண்ணைப் போட்ட அதே ஆஸ்டின் செவன். அதைச் செய்து செய்து கை தேர்ந்து, ஆறே வருஷத்தில் 315 வரை வந்தார்கள். இப்போது சால்ம்சனை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் ஜி.என். லைசென்ஸில் கார் செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு தாங்களே நல்ல ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அடுத்தவர் வண்டியை வாங்கிச் செய்ததற்காக பி.எம்.டபிள்யூ-வை யாரும் ஏஜென்ட் என்று கேலி செய்யவில்லை. ஆல்டிங்டனுக்கு மட்டும் ஏன்?

இரண்டாவது, அவர் தன் வண்டியைக் கைவிட்டார் என்பதே தப்பு. செயின் கார் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர்களுக்கு 1939 வரை கட்டிக்கொடுத்தார், விரல் விட்டு எண்ணும் அளவில்தான் என்றாலும். 1937-ல் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றத்தில் ஏ.எஃப்.பி. ஃபேன் என்ற ஓட்டுநர் 38.77 நொடியில் ஏறிப் புது ரெகார்டு வைத்தார். எந்த வண்டி? ஒற்றை இருக்கை வைத்த, செயின் பூட்டிய ஃப்ரேஸர் நாஷ். 1000 கஜம் செங்குத்தாக ஏறவேண்டிய இடத்தில், எடை குறைவும் நொடியில் மாறும் கியரும் இன்னும் ராஜாதான். ஆனால் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து வரை மனைவியோடு மழையில் போகவேண்டியவருக்கு அந்த வண்டி எதற்கு? எந்த வேலைக்கு எது என்று பிரித்துப் பார்த்தார் ஆல்டிங்டன். இதே ஃபேன் 1936-ல் அயர்லாந்தின் அல்ஸ்டரில் டி.டி. பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ-வின் புத்தம் புது 328-ஐ ஓட்டி மூன்றாவதாக வந்தார். அந்த அணியில் சயாம் இளவரசர் பீராவும் ஆல்டிங்டனும் ஓட்டினார்கள். விற்பனை ரசீது எழுதிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் இல்லை அவர்.

மூன்றாவது காரணம்தான் என் மனதை மாற்றியது. காட்ஃப்ரேயை மறந்துவிட்டோம் பாருங்கள். ஜி.என்-ல் 'ஜி' அவர். செயின் ஏற்பாட்டுக்குத் தாய் மாமன் மாதிரி. அவர் 1936-ல் ஹால்ஃபோர்ட், ராபின்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து ஹெச்.ஆர்.ஜி. என்று தனக்கென ஒரு கம்பெனி தொடங்கினார். அந்தக் காரைப் பார்த்தால் பழைய காலத்து வண்டி என்று குழந்தைகூடச் சொல்லும். விறைப்பான ஸ்பிரிங், குறுக்கே ஒரே இரும்புத் தண்டாக முன் ஆக்ஸில், எடை குறைவு. தனக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டார். ஆனால் செயின் மட்டும் இல்லை! சாதாரண கியர் பெட்டி, சாதாரண ஷாஃப்ட். இதைப் படித்த அன்று பத்திரிகையை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேறொருவர் வற்புறுத்தவில்லை, முதலாளி கேட்கவில்லை. செய்தவரே, அதன் காலம் முடிந்தது என்று கண்டு, எடுத்துவைத்துவிட்டார். நாங்கள் ரசிகர்கள்தான் அதைக் கோயில் சிலையாக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நாஷுக்கும் காட்ஃப்ரேக்கும் முக்கியமாக இருந்தது செயின் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். எடை குறைவு, சொன்னபடி கேட்கும் ஸ்டீயரிங், மிதித்த உடனே பாயும் வேகம், இவைதான் முக்கியம். 1910-ல் கையில் காசில்லாத இரண்டு பையன்களுக்கு அதைக் கொடுக்கக்கூடிய மலிவான வழி செயின். 1934-ல் அதையே வேறு வழியில் அதிகமாகக் கொடுக்கும் வண்டி ஒன்று மலைப்பாதையில் முன்னால் போனது. தன் வண்டியின் உயிர் எது, உடம்பு எது என்று தெரிந்தவரால்தான் அதை அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

இனி எனக்கு உறுத்தும் பகுதி. மறைத்தால் வக்கீல் வேலை ஆகிவிடும். 1934-ல் மூனிச்சுக்குப் போனவர் எந்த மூனிச்சுக்குப் போனார்? ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை வருஷம் தாண்டியிருந்தது. பி.எம்.டபிள்யூ-வின் பெரிய வருமானம் விமான இன்ஜினில், அந்த விமானங்கள் எதற்கு என்று ஊகிப்பது கஷ்டமில்லை. போர்க் காலத்தில் அதே கம்பெனி டாகாவ் முகாமின் கைதிகளை வைத்து வேலை வாங்கியது. பந்தயக்காரர்கள் 1930-களில் அரசியலைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது இவர் மட்டும் செய்ததல்ல, இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் பலர் செய்தார்கள். அது இவருக்குச் சாக்கு ஆகாது. என் மாணவன் இந்தக் குற்றச்சாட்டை வைத்திருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்திருக்கும். அவன் அதைக் கேட்கவில்லை, ஏஜென்ட் என்றுதான் கேட்டான்.

போர் வந்தபோது நடந்ததுதான் விசித்திரம். காரை இழந்த நாஷ், தாம்சன் என்பவரோடு சேர்ந்து 1929-லேயே வேறொரு கம்பெனி தொடங்கியிருந்தார். வேகமாகப் பறக்கும் விமானத்தில் காற்று அடிக்கும் அடியில் துப்பாக்கியைக் கையால் திருப்ப முடியாது என்பதால், எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் துப்பாக்கிக் கூண்டைச் செய்தார். வெலிங்டன், லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் மூக்கிலும் வாலிலும் இருந்த கூண்டுகள் அவருடையவை, எஃப்.என். என்ற அவர் பெயரெழுத்தோடு. எதிரே வந்த ஜெர்மன் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தில் இருந்தது பி.எம்.டபிள்யூ 801 இன்ஜின். நான்கைந்து வருஷம் முன்பு ஒரே காரின் மூக்கில் ஒரே சின்னமாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பெயர்கள் வானத்தில் ஒன்றையொன்று சுட்டன. ரெகார்டு வைத்த ஃபேன் வேவு விமானம் ஓட்டினார். 1942 ஜனவரியில் நார்வேயில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் போர்க்கப்பலைப் படம் பிடித்துவந்தவர் அவர்தான். அந்த வருஷமே விமானம் விழுந்து இறந்துபோனார்.

1945-ல் ஆல்டிங்டன் ராணுவ உடையில் மறுபடி மூனிச்சுக்குப் போனார். இடிந்து கிடந்த கம்பெனியில் தனக்குத் தெரிந்தவர்களைத் தேடிப் பார்த்தார். அவர் வழியாக 328-ன் நுட்பம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் விமானக் கம்பெனிக்கு வந்தது. போரில் விமானம் செய்தவர்கள் 1947-ல் பிரிஸ்டல் 400 என்ற காரை வெளியிட்டார்கள். அதே இன்ஜினை வைத்து ஆல்டிங்டன் மறுபடி ஃப்ரேஸர் நாஷ் என்ற பெயரில் தன் சொந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார். ஆமாம், தன் சொந்தக் கார். 1949-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நார்மன் கல்பனோடு அவரே மாறி மாறி ஓட்டி மூன்றாமிடம். 1951-ல் சிசிலி மலைப்பாதைகளில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோவில் ஃபிராங்கோ கோர்தேசே ஃப்ரேஸர் நாஷை ஓட்டி முதலிடம். அந்தப் பந்தயத்தை வென்ற பிரிட்டிஷ் கார் அது ஒன்றுதான்.

கார் தொழிற்சாலைக்காரரே, செயினைப் பிடித்துக்கொண்டு 1935-லேயே பட்டறையை மூடியிருந்தால் இந்த டார்கா ஃப்ளோரியோ ஏது?

செயின் கார்கள் பல இன்றும் இங்கிலாந்தில் ஓடுகின்றன. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கிழவர்கள் அவற்றில் ஆல்ப்ஸ் வரை போய்வருகிறார்கள். வீடியோக்கள் இருக்கின்றன, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். எனக்கு இன்றைக்கும் 328-ஐவிட அந்தச் சத்தம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

சண்டை போட விரும்புகிறவர்கள் கமென்டில் வரலாம். ஐந்தரை அடிக் கணக்குக்கு விடை சொல்லாமல் வருகிறவர்களுக்குப் பதில் கிடையாது. நாளை காலை கண் டாக்டரிடம் போகிறேன், மருந்து விட்டால் எழுத்து தெரியாது. ஆகையால் பதில் சாயங்காலத்துக்கு மேல்தான்.